மூக்கில் மூன்று புள்ளிகள்

“வலது ஓரத்தில் நிற்பது நான். எஞ்சின் மாற்றி விமானம் தயார். அக்டோபர்.”

ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் பின்புறம் என் மாமனார் மையால் எழுதியிருந்த குறிப்பு இது. அக்டோபருக்குப் பக்கத்தில் ஆண்டும் இருந்திருக்கிறது. ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்த்தபோது அந்த மூலை மட்டும் பசையோடு கறுப்புத் தாளில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. பிய்த்தவர் என் மனைவியின் அண்ணன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் நான் ஆண்டைக் கேட்டபோதெல்லாம் எரிந்து விழுந்தவரும் அவர்தான்.

மாமனார் விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்று இலஞ்சியில் வந்து தங்கினார். அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. படத்தில் அவரும் இன்னும் மூவரும் ஒரு டகோட்டா விமானத்தின் முன்னால் நிற்கிறார்கள். இரண்டு எஞ்சின் வைத்த பழைய சரக்கு விமானம் அது. விமானி உட்காரும் இடத்துச் சன்னலுக்குக் கீழே, இருண்ட வண்ணம் பூசிய மூக்கின்மேல், வரிசையாக மூன்று புள்ளிகள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் நடுவில் கறுப்பு, சுற்றிலும் வெளிர் வளையம்.

அவை துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைகள் என்பது மச்சானின் கட்சி. சண்டையில் அடிபட்டு வந்த விமானத்தை அவர் அப்பா ராவோடு ராவாகச் சரிசெய்து மறுபடி அனுப்பினாராம். கல்யாண வீடு, பால்காய்ப்பு வீடு, டீக்கடை என்று எங்கே நாலு பேர் கூடினாலும் மச்சான் இதைச் சொல்லுவார். மாமனார் உயிரோடு இருந்தவரை இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. அவருடைய பதினாறாம் நாள் விருந்தில், இரண்டாம் பந்தியில்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

நான் தென்காசியில் இருக்கிறேன். அரசு அலுவலகம் ஒன்றில் ஆவணங்களைப் பார்த்து ஓய்வு பெற்றவன். ஊரில் நடப்பதைத் தேதி போட்டுக் குறித்து வைப்பதும், பழைய விமானங்களின் மாதிரிகளைச் செய்வதும் என் பொழுதுபோக்கு. கடையில் வாங்கும் கிட்டில் வருகிற பிளாஸ்டிக் பாகங்களை அப்படியே ஒட்டிவிட மாட்டேன். எந்த விமானத்தைச் செய்கிறேனோ அதன் படத்தைத் தேடி எடுத்து, அதில் உள்ளபடி சின்னச் சின்ன விஷயங்களை மாற்றுவேன். படத்தில் இல்லாத எதையும் இதுவரை நான் சேர்த்ததில்லை. விசேஷ வீடுகளில் மச்சான் என்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: “எங்க மாப்ள. ரிட்டயர்டு. பிளாஸ்டிக் பொம்ம செய்யுதாரு.”

அந்த மச்சான் போன சித்திரை மாதம் ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். ஷார்ஜாவில் இருக்கும் சிநேகிதர் மூலம் வரவழைத்த டகோட்டா கிட்.

“மாப்ளே, உம்ம பொம்மைக்கு இப்பத்தான் ஒரு வேல வந்திருக்கு” என்றார்.

இலஞ்சிப் படிப்பகத்துக்கு அவர் செயலாளர். ஆடிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே அவர் அப்பாவின் படத்தைத் திறக்கப் போகிறார்கள். படத்துக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அந்த விமானம்.

“செஞ்சு தாறேன் மச்சான்.”

“அந்த மூணு ஓட்டயும் வேணும். அதுதான் முக்கியம்.”

“ஓட்டைன்னு தெரிஞ்சாப் போடுதேன்.”

“என்னவே தெரியணும்? எங்கப்பாவப் பத்தி நீரு விசாரண வைக்கப் போறீரா?”

என் மனைவி காப்பி கொண்டுவந்ததால் பேச்சு அத்தோடு நின்றது. அவளுக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். அவள் அப்பா தொட்ட விமானம் ஊரில் நாலு பேர் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் நடக்காத ஒரு சண்டையை என் கையால் ஊசி வைத்துக் குத்தி, மாமனார் பெயருக்குக் கீழே வைத்துவிடக் கூடாது. அந்த நான்கு மாதமும் எனக்கும் மச்சானுக்கும் இருந்த வழக்கு அது ஒன்றுதான்.

வைகாசியில் வேலையைத் தொடங்கினேன். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு முழத்துக்கும் குறைவு. திசை காட்டும் ஏரியல் இருக்கும் கூடு, சின்னத் தேங்காய் மாதிரி, கிட்டில் வயிற்றுப் பக்கம் இருந்தது. படத்தில் கூரைமேல் இருந்தது. அதை அறுத்தெடுத்து மேலே ஒட்டி, பழைய இடத்தைப் பட்டி வைத்து அடைத்து உப்புத்தாளால் தேய்த்தேன். நிஜ விமானத்தின் பாரத்தில் டயர் அடியில் கொஞ்சம் நசுங்கியிருக்கும். அதற்காக டயர்களின் அடியை அரத்தால் ராவினேன். மீந்த பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி இழுத்தால் தலைமுடி போல நூல் வரும். ஏரியல் கம்பிக்கு அது. டயர் உருளாமல் இருக்க முட்டுக்கட்டை வைப்பார்கள். படத்தில் அந்தக் கட்டைக்கு முன்னால் உருண்டையாக ஏதோ தெரிந்தது. கட்டையை இழுக்கும் கயிற்றின் குமிழ் என்று முடிவு செய்து, கட்டையோடு ஒரு குமிழும் செய்து ஒட்டினேன்.

மச்சான் ஞாயிறு தவறாமல் வந்து மேசைக்கு முன்னால் நிற்பார். கூரையில் நான் மாற்றி வைத்த கூட்டையோ நசுங்கிய டயரையோ பார்க்க மாட்டார். நேராக மூக்கைத்தான் பார்ப்பார்.

“இன்னும் காது குத்தலயா புள்ளைக்கு?”

“குத்த மாட்டேன் மச்சான்.”

“ஒரு குண்டூசி. ஒரு நிமிஷம். எங்கிட்ட குடும், நான் குத்துதேன்.”

“இந்த அளவுக்கு ஊசியால குத்துனா, நெசத்துல ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை இருக்கணும். பீரங்கியால சுட்டாத்தான் உண்டு.”

“அப்போ பீரங்கின்னே வச்சிக்கிடுவோம்” என்றார், சிரிக்காமல்.

ஆனியில் குற்றாலச் சீசன் தொடங்கிவிட்டது. மேற்கே மலையை மூடிக்கொண்டு சாரல் ஊருக்குள் வந்தது. இந்த ஈரக் காற்றில் விமானத்துக்கு வண்ணம் அடிக்க முடியாது. காய்வதற்குள் ஈரம் இறங்கி, பாலில் ஆடை படிந்தது போல வெளுத்துவிடும். ஒரு இறக்கையில் அடித்துப் பார்த்தேன்; அது வெளுத்துப்போகவே திரும்பத் தேய்த்து எடுத்தேன். வெயில் முகம் காட்டும் நாளுக்குக் காத்திருந்தேன். மச்சான் ஊரெல்லாம் சொன்னது வேறு: “வேணும்னே இழுத்தடிக்காரு. எங்கப்பாவுக்குப் பேர் கெடைக்கது பொறுக்கல.” இதை என்னிடம் சொன்னது அவருடைய தோப்பில் தேங்காய் வெட்டுகிறவர். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அழைப்பிதழும் அச்சாகி வந்துவிட்டது. ‘குண்டு துளைத்த விமானத்தைக் காத்த வீரர்’ என்று போட்டிருந்தது. என் கைக்கு ஒரு பிரதி கொடுக்கும்போது மச்சான் அந்த வரியின் அடியில் நகத்தால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

அந்த வாரமே படத்தைத் திறக்க வரும் ஓய்வுபெற்ற பேராசிரியரைக் குற்றாலத்துக்குக் குளிக்க அழைத்துப் போனார். என்னையும் வரச் சொன்னார். எதற்கு என்று போன பிறகுதான் தெரிந்தது. பேரருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்த்துவிடும் இடத்தில் பேராசிரியர் குப்புறப் படுத்திருந்தார். பக்கத்துப் பலகையில் மச்சான் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

“மூணு குண்டு சார். மூக்குலயே மூணு. ஒரு சாண் தள்ளியிருந்தா பைலட் காலி.”

“அடடா” என்றார் பேராசிரியர், பலகையில் முகம் அழுந்தியபடியே.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. “சார், அது குண்டுன்னு உறுதி இல்ல. பக்கத்துல நிக்கவர் கையோட ஒப்பிட்டுப் பாத்தேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ரூபாக் காசை விடப் பெருசு. துப்பாக்கிக் குண்டு சுண்டுவெரல் கனம்கூட இருக்காது.”

“பாத்தீங்களா சார்? எங்க மாப்ளய விட்டா அருவியயும் ஸ்கேல் வச்சு அளந்திருவாரு” என்றார் மச்சான். பிறகு என் பக்கம் திரும்பினார். “மாப்ளே, நீரு விமானத்தப் புத்தகத்துல பாத்த ஆளு. எங்கப்பா கையில கிரீஸ் ஒட்டுன ஆளு.”

“அப்படின்னா அது என்னதான் சார்?” என்று பேராசிரியர் என்னைக் கேட்டார்.

“ஒட்டுப் போட்ட இடமா இருக்கலாம். வட்டமாத் தகடு வெட்டி வச்சு, மேல வேற பெயின்ட் அடிப்பாங்க.”

மச்சான் தொடையில் தட்டிக்கொண்டார். “ஒட்டுப் போட்டா முன்னால ஓட்ட இருந்திருக்கும்லா? ஓட்ட இருந்தா ஏதாவது துளச்சிருக்கும்லா? நீரே சாட்சி சொல்லிட்டீரு. இனி என்னவே பேச்சு?”

பேராசிரியர் சிரித்தார். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவரும் சிரித்தார். அன்றைக்கு நான் அருவியில் தலையைக் காட்டாமலேயே பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அதன்பின் இரண்டு வாரம் மச்சானோடு பேசவில்லை. படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கி, வெளிநாட்டுப் புத்தகங்களில் டகோட்டாவின் மூக்கு வருகிற பக்கங்களையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெட்ரோல் மூடி அந்த இடத்தில் கிடையாது. எந்தக் குறியீடும் அங்கே எழுதுவதில்லை. ஒட்டுத் தகடு என்றால் சுற்றி ஆணிகள் இருக்க வேண்டும், அவையும் இல்லை. எண்ணெய்க் கசிவு என்றால் கீழே வழிந்திருக்கும், இது வட்டமாக நிற்கிறது. என் கட்சியும் நிற்கவில்லை, அவர் கட்சியும் நிற்கவில்லை.

ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. ஆடி பிறந்துவிட்டால் யாரும் புது வண்டி எடுக்க மாட்டார்கள் என்பதால், அந்த வாரம் முழுக்கப் பெரிய கோயில் வாசலில் புது வண்டிகள் வரிசையாக நின்றன. கடைக்குப் போகிற வழியில் ஒரு லோடு ஆட்டோ குறுக்கே நின்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது. எரிச்சலோடு விலகி நடந்தேன். பூசாரி அதன் நெற்றியில் சந்தனத்தை அப்பி, அதன் நடுவே குங்குமத்தை வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பொட்டு வைக்கும்போது நான் நின்றுவிட்டேன். முன் டயருக்குக் கீழே குனிந்து பார்த்தேன். எலுமிச்சம்பழம்.

“என்ன சார், எதுவும் விழுந்துட்டா?” என்றார் ஆட்டோக்காரர்.

வாங்க வந்த சாமானை வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் சந்தனம் வெளிர் வளையம். குங்குமம் கறுப்பு. டயருக்கு முன்னால் இருக்கும் உருண்டையை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதிலிருந்து எந்தக் கயிறும் புறப்படவில்லை. நான் பார்த்துப் பார்த்து ராவிச் செய்த குமிழ் ஒரு எலுமிச்சம்பழம். வருடம் தவறாமல் என் ஸ்கூட்டருக்கே இதைச் செய்கிறவன் நான். ஆயுத பூசை அநேகமாக அக்டோபரில்தான் வரும். விமானம் என்றதும் எனக்கு வெள்ளைக்காரப் புத்தகங்கள் மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

மறுநாளே மனைவியைக் கூட்டிக்கொண்டு இலஞ்சிக்குப் போனேன். பெரிதாக்கிய படத்தை மச்சான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்து, ஒவ்வொன்றாகக் காட்டினேன். நிதானமாகத்தான் பேசினேன். ஆனால் அந்த நிதானத்தில் எனக்கு ஒரு ருசி இருந்தது.

மச்சான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படத்தின்மேல் குனிந்தார். “எலுமிச்சம்பழமா? மிலிட்டரில எவன்வே எலுமிச்சம்பழம் வைப்பான்?”

“நம்ம ஊர் ஆளு ஒருத்தர் அங்கன ஃபிட்டரா இருந்தா வைப்பாரு.”

“எங்கப்பாவே சொன்னாரு, குண்டுன்னு.”

“எப்ப சொன்னாரு?”

“எப்பவோ சொன்னாரு.”

“எந்த வருஷம்? யார் கூட இருந்தா?”

“தேதி கேக்குதீரா? எங்கப்பா பேசுனதுக்குத் தேதி கேக்குதீரா? உம்ம ஆபீஸ் புத்திய எங்க வீட்டுல காட்டாதேயும்!”

மேசையில் அவர் அடித்ததில் செம்பிலிருந்த தண்ணீர் படத்தின்மேல் சிந்தியது. என் மனைவி அதை எடுத்து முந்தானையால் ஒற்றினாள். “அண்ணே, அப்பா வருஷா வருஷம் சைக்கிளுக்குப் பொட்டு வைப்பாவளே, மறந்துட்டியா? ஸ்பானருக்கெல்லாம் வைப்பாவ. பூச போட்டவருன்னு இருந்தா ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

“ஊருக்குச் சொல்லிட்டேன்ட்டி. கார்டு அடிச்சாச்சு. ‘பொட்டு வச்ச வீரர்’னு மாத்தி அடிக்கச் சொல்லுதியா?”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என்னிடம் சொன்னாள்: “நீங்க ஒண்ணு கண்டுபுடிச்சத சொன்ன மாதிரி இல்ல. அண்ணன அடிச்சுப்போட்டத சொன்ன மாதிரி இருந்துச்சு.” நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் சொன்னது சரிதான் என்பதற்காக நான் கண்டது தவறாகிவிடாது.

ஆடி முதல் வாரம் தொடர்ந்து வெயில் அடித்தது. வண்ணம் அடித்து முடித்தேன். முட்டுக்கட்டையிலிருந்து குமிழை வெட்டி எடுத்துவிட்டு, மஞ்சள் பிளாஸ்டிக்கை உருக்கி ஒரு கடுகளவு உருட்டி டயருக்கு முன்னால் வைத்தேன். தீக்குச்சி முனையைச் சீவி, மூக்கில் வெளிர் மஞ்சளில் மூன்று புள்ளி, அவற்றின் நடுவே சிவப்பு வைத்தேன். நான் செய்த மாதிரிகளில் இவ்வளவு சரியாக எதுவும் வந்ததில்லை. விழாவுக்கு முந்தின வியாழக்கிழமை மனைவி கையில் கொடுத்தனுப்பினேன். மச்சான் வாங்கி வைத்துக்கொண்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் நல்ல கூட்டம். முன்வரிசையில் எனக்கு நாற்காலி இல்லை. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். பேராசிரியர் படத்தைத் திறந்தார். பிறகு கண்ணாடிப் பெட்டியின் மேலிருந்த துணியை மச்சான் விலக்கினார்.

மூக்கில் மூன்று ஓட்டைகள். காய்ச்சிய ஊசியால் குத்தியிருக்கிறார். பிளாஸ்டிக் உருகி, ஒவ்வொன்றைச் சுற்றியும் வாய்க்கால் வரப்பு மாதிரி புடைத்து நின்றது. என் பொட்டுகள் அதில் கரைந்து போயிருந்தன. எலுமிச்சம்பழத்தைக் காணோம். குத்தும்போது அழுத்தியதில் இடது சக்கரம் வேறு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

பேராசிரியர் குனிந்து பார்த்து, “அடேயப்பா, தத்ரூபம்” என்றார்.

மச்சான் மைக்கைப் பிடித்தார். “இந்த விமானத்த இவ்வளவு நுணுக்கமாச் செஞ்சு குடுத்தது எங்க மாப்ள. குண்டு பட்ட எடம்கூட அப்படியே இருக்கு. மாப்ளே, எந்திரிச்சு நில்லும். எல்லாரும் பாக்கட்டும்.”

கை தட்டினார்கள். எழுந்தேன். “அந்த ஓட்டைய நான் போடல” என்றேன். மைக் அவரிடம் இருந்தது. எனக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு வரிசைக்குக் கேட்டிருக்கும்.

“கூச்சப்படுதாரு” என்றார் மச்சான் மைக்கில். கூட்டம் சிரித்தது. இன்னொரு முறை கை தட்டினார்கள்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“பெட்டிச் சாவியக் குடுங்க மச்சான். எடுத்துட்டுப் போறேன்.”

“எத? எங்கப்பா படம். எங்க ஊரு. கிட்டு நான் வாங்குனது.”

“வேல என்னோடது.”

“அதுக்குத்தாம்லா பேர் சொல்லிக் கைதட்ட வச்சேன். இன்னும் என்ன வேணும், மாலையா?”

“இனி உங்க வீட்டு வாசல்ல கால் வைக்க மாட்டேன்.”

“வைக்காண்டாம். முப்பது வருசமாச் சாப்ட்டுட்டுத்தான் இருக்கீரு, எங்கன போயிருவீரு?”

என் கல்யாணம் நடந்து முப்பத்திரண்டு வருடம். அதைத் திருத்தாமல் நடந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் இலஞ்சிக்குப் போகவில்லை. மனைவி போய் வருகிறாள். ஆயுத பூசை முடிந்த மறுநாள், இலஞ்சியில் இருக்கும் அவளுடைய தங்கை மகள் போனில் பேசும்போது ஒரு செய்தி சொன்னாள். படிப்பகத்தில் பூசை போட்டபோது கண்ணாடிப் பெட்டியைத் திறந்து விமானத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்களாம். சாவி மச்சானிடம் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே திறந்தது அவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் வைத்தது அவரா என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. மூன்று ஓட்டைகளையும் மூடி அவற்றின்மேல் வைத்திருக்கிறதா, இல்லை ஓட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறதா என்று கேட்டேன். “அத நான் பாக்கல பெரியப்பா” என்றாள். மனைவியிடம் கேட்டேன். “போய்ப் பாருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஓட்டையின்மேலா, பக்கத்திலா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.